இரண்டு நிறத் தளிர்

காலை நடைக்குக் கூட வரும் நண்பர் போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் நின்று மாங்கன்றைப் பார்த்தார். "ஏன் சார், உங்க செடி இப்படி வெளிறிப்போய் தளிர் விடுது? இரும்புச் சத்து குறைச்சலா இருக்கும். கடையில டானிக் இருக்கு, வாங்கி அடிங்க" என்றார். அவர் வீட்டு மரம் தளிர் விட்டால், புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் மாதிரி தெருமுனையிலிருந்தே மின்னும். பாவம், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

அந்த வெளிறிய நிறம் எது என்று கண்டுபிடிக்க நான் ஒரு வருஷம் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. அதை இன்றைக்கு எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

வாழப்பாடி பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் கிணற்றடியில் ஒரு மாமரம் இருந்தது. என் அக்கா பிறந்த 1947ஆம் வருஷம், யார் வீட்டிலோ சாப்பிட்ட பழத்தின் கொட்டையை அப்பா கொண்டுவந்து ஊன்றியது என்று சொல்வார்கள். சேலத்துக்காரர்களுக்கு மாம்பழத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மல்கோவா, இமாம்பசந்த், குண்டு, நடுச்சாலை, குதாதத் என்று பெயர் சொல்லியே பழக்கம். எங்கள் மரத்துக்கு மட்டும் பெயர் கிடையாது. கிணத்தடி மரம், அவ்வளவுதான். பழம் சின்னது, ஒரு கைக்குள் அடங்கும். பழுத்தாலும் தோல் பச்சை மாறாது. காம்பைக் கிள்ளி முகர்ந்தால்தான் பழுத்தது தெரியும். உள்ளே நார் இருக்காது, இனிப்பின் முடிவில் ஒரு சின்னப் புளிப்பு. அந்த ருசியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

2018இல் அந்த வீட்டை விற்க வேண்டியதாகிவிட்டது. அப்பா, அம்மா இருவரும் போய்ப் பல வருஷம். பிள்ளைகள் யாரும் அங்கே திரும்பப் போவதாக இல்லை. வாங்கியவர் மனை போட்டு விற்பதற்காக வாங்கினார். மரம் நிற்காது என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் கடைசியாக வந்த பழங்களின் கொட்டைகள் ஐந்தை எடுத்து, மண் நிரப்பிய பைகளில் ஊன்றினேன். ஐந்தும் முளைத்தன. ஒன்று ரத்தச் சிவப்பு. ஒன்று கருஞ்சிவப்பு, கிட்டத்தட்ட நாவல்பழ நிறம். இரண்டு செம்பு நிறம். ஒன்று மட்டும் பழுப்பு கலந்த பச்சை. ஒரே மரத்துக் கொட்டைகள், ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். பிறகு ஏன் இத்தனை நிறம் என்று தெரிந்த ஒரு நர்சரிப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஒரு வயித்துல பொறந்த பிள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரியா சார் இருக்காங்க?" என்றார் அவர்.

விஷயம் அதுதான். நம் பக்கத்து மாங்கொட்டைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு கரு. தாய் மரத்தின் பூவில் வேறு எந்த மரத்து மகரந்தம் விழுந்ததோ, அதன் குணமும் அந்தக் கருவில் கலந்துவிடும். கேரளத்துச் சந்திரக்காரன், குறுக்கன் போன்ற சில ரகங்களில் ஒரு கொட்டையிலிருந்து மூன்று நான்கு கன்றுகள் கூட முளைக்கும்; அவற்றில் பெரும்பாலானவை தாயை உரித்து வைத்த மாதிரி இருக்கும். நம் ரகங்களில் அந்த வசதி இல்லை. கொட்டை போட்டால் வருவது இன்னொரு மரம்தான், அதே மரம் அல்ல. கன்று சாண் உயரம் இருக்கும்போதே தளிரின் நிறம் அதைச் சொல்லிவிடுகிறது. மா ரகங்களை அடையாளம் காணத் தாவரவியல்காரர்கள் குறித்துவைக்கும் குணங்களில் இளம் இலையின் நிறமும் ஒன்று என்று பிறகு படித்தேன்.

ஆகவே ஒட்டுக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பெரியவர் ஒரு நாள் ஊருக்கே வந்தார். பென்சில் கனத்தில் முற்றிய குச்சிகளாகப் பார்த்து அவற்றின் இலைகளை மட்டும் கிள்ளிவிட்டார். மொட்டு பருக்கட்டும் என்று பத்து நாள் மரத்திலேயே விட்டு, அப்புறம் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி எடுத்துப்போனார். அவருடைய நர்சரியில் இருந்த நாட்டு மாங்கன்றுகளின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்பு மாதிரி சீவிய குச்சியைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டினார். ஆறு கட்டியதில் இரண்டு பிழைத்தன. ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. அக்கா வீட்டுச் செடியின் வேரை முதல் கோடையிலேயே கரையான் தின்றுவிட்டது. அதற்குள் ஊரில் மரத்தையும் வெட்டிவிட்டார்கள். என் வீட்டு வாசலில் 2019 ஆடியில் நட்ட செடி மட்டும்தான் மிச்சம்.

இனி வருவதெல்லாம் என் தப்பு.

தப்பு ஒன்று: ஒட்டுக் கட்டிய இடம் எப்போதும் மண்ணுக்கு மேலே ஒரு சாண் தெரிய வேண்டும். பெரியவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் எருவும் செம்மண்ணும் ஆசை ஆசையாகக் கொட்டிக் கொட்டி ஒட்டையே மூடிவிட்டேன். தப்பு இரண்டு: 2021இல் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போனபோது, வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சரியில்லை என்று தெரிந்தும் ரிப்பேர் செய்யாமல் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இடுப்பளவு இருந்த செடி முழங்கால் அளவுக்கு மொட்டையாக நிற்கிறது. ஆடு புகுந்துவிட்டது. பட்டையையும் உரித்திருந்தது.

இரண்டு வாரத்தில் அடியிலிருந்து இரண்டு கிளைகள் கிளம்பின. அப்பாடா, உயிர் இருக்கிறது என்று எனக்கும் வீட்டுக்காரிக்கும் சந்தோஷம். அடுத்த தளிர் வந்தபோதுதான் கவனித்தேன். தெருப் பக்கத்துக் கிளையில் நல்ல சிவப்புத் தளிர். மதில் பக்கத்துக் கிளையில் பச்சையும் மஞ்சளுமாக, லேசான பழுப்போடு ஒரு வெளிறிய தளிர். ஒரே செடியில் இரண்டு நிறம் என்றால் அங்கே இரண்டு மரம் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று ஒட்டுக்கு மேலே இருந்து வந்த எங்கள் கிணத்தடி மரம். மற்றது ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பிய வேர்ச்செடி, யாருக்கும் தெரியாத ஒரு நாட்டு மா.

எது எது?

நான் டெலிபோன் இலாகாவில் கேபிள் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா; நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல். இந்தப் பத்து நிறத்தை ஜோடி சேர்த்தால் இருபத்தைந்து இணைப்பு. மழையில், குழிக்குள், டார்ச் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்த்தே ஜாயின்ட் போட்டிருக்கிறேன். நிறம் பொய் சொல்லாது என்பது எங்கள் தொழிலின் அடிப்படை. ஆனால் கேபிளில், மறுமுனையில் என்ன நிறம் என்று போய்ப் பார்த்துவிடலாம். இங்கே மறுமுனையையே வெட்டியாகிவிட்டது. எங்கள் மரத்தின் தளிர் என்ன நிறம்? எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பழம் ஞாபகம் இருக்கிறது, ஏறின கிளை ஞாபகம் இருக்கிறது, விழுந்து கை பிசகியது ஞாபகம் இருக்கிறது. தளிரை நான் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. என் கல்யாணத்தின்போது மரத்தடியில் எடுத்த போட்டோ கறுப்பு வெள்ளை. விற்கும்போது போனில் எடுத்த படங்களிலெல்லாம் முற்றிய இலை.

மண்ணை விலக்கிப் பார்த்தேன். ஒட்டு இருந்த இடம் முண்டு மாதிரி வீங்கி, ஆடு கடித்த காயமும் சேர்ந்து, எங்கே கீழ் எங்கே மேல் என்றே தெரியவில்லை. இரண்டு கிளையும் அந்த முண்டிலிருந்தே வந்திருந்தன.

"இதுல என்னங்க சந்தேகம்? செகப்புதான் நம்மது. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. அந்த சோகை புடிச்சத வெட்டி எறிங்க" என்றாள் வீட்டுக்காரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சிவப்புக் கிளை இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. மாந்தளிர் என்றாலே சிவப்புதானே? கத்தரிக்கோலைக் கூட எடுத்துவிட்டேன். வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது என்ற பயத்தில்தான் அன்றைக்கு வைத்துவிட்டேன். வேகமாக வளர்வது எது என்று யோசித்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடியிலிருந்து கிளம்பும் வேர்ச்செடிக் கிளைகள்தான் பல நேரம் முரட்டுத்தனமாக ஓங்கி, ஒட்டுக் கிளையைப் பின்தள்ளிவிடும்.

பெரியவரிடம் போனேன். "ஒரு தடவை பாத்த நிறத்த நம்பாதீங்க. என்னிக்கிப் பாத்தீங்க, எந்த வெயில்ல பாத்தீங்கங்கறது முக்கியம்" என்றார்.

தளிரில் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழத்தில் இருப்பதும் அந்த வகைதான். இலையில் பச்சையம் நிரம்ப மாமரத்துக்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை ஈரத் துணி மாதிரி துவண்டு தொங்கும் அந்த இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து இந்த நிறமி காக்கிறது என்று ஒரு விளக்கம். பூச்சிகளுக்குப் பிடிக்காமல் செய்கிறது என்று இன்னொரு விளக்கம். அரசு, வேம்பு, இலுப்பை எல்லாம் இப்படித்தான் சிவந்து தளிர்க்கின்றன. வெயில் பட்டால் சிவப்பு கூடும், நிழலில் குறையும். அதே இலை நான்காம் நாள் ஒரு நிறம், பத்தாம் நாள் ஒரு நிறம், இருபதாம் நாள் வெறும் பச்சை. ஒரு கிளையின் நான்காம் நாளை இன்னொன்றின் பதினைந்தாம் நாளோடு ஒப்பிட்டால் ஏமாந்து போவோம்.

என் விஷயத்தில் வெளிறிய கிளை மதில் நிழலில் இருந்தது. ஒருவேளை இரண்டும் ஒரே மரம்தானோ, நிழலால்தான் வெளிறிவிட்டதோ? அந்தக் கிளையைச் சணல் கயிற்றால் வெயில் பக்கம் இழுத்துக் கட்டினேன். தினசரி காலண்டரில் ஒவ்வொரு தளிரும் மொட்டு விரிந்த நாளைக் குறித்தேன். அடுத்த இரண்டு தளிர்ப்பு வரை காத்திருந்தேன். முழு வெயிலில், அதே ஐந்தாம் நாளில் பார்த்தபோதும் அது வெளிறித்தான் வந்தது. கொஞ்சம் பழுப்பு கூடியது, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு என்பது உறுதியாகிவிட்டது. எது நம்முடையது என்பதற்குத்தான் இன்னும் பதில் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு அக்கா வந்தாள். முழங்கால் வலி, காரிலிருந்து இறங்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் செடியைப் பார்த்துவிட்டு, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "அட, அம்மா சேலைக்கடையில சொன்ன கலரு" என்றாள்.

1968இல் அக்கா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருக்கிறார்கள். கடைக்காரர் ஒரு சேலையை விரித்து, "மாந்தளிர் கலரும்மா" என்றாராம். சிவப்பும் பழுப்பும் கலந்த சேலை. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுவா மாந்தளிர்? எங்கூட்டு மரத்துத் தளிரு இப்படி இருக்காதுங்களே. பாசிப்பருப்பு வேகவெச்ச மாதிரியில்ல இருக்கும்" என்றாளாம். கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு மாமரம்தான்.

"நெசமாத்தான் சொல்றியா?" என்றேன்.

"கல்யாணத்துக்கு எடுத்த சேலைடா. மறக்குமா? அந்த இலை ஒண்ணு பறிச்சுக் குடு. தளிரு வேண்டாம், முத்தினது."

இரண்டு கிளையிலிருந்தும் ஆளுக்கொரு இலை பறித்துக் கொடுத்தேன், எது எதிலிருந்து என்று சொல்லாமல். அக்கா முதல் இலையை நடு நரம்போடு மடித்து, ஓரத்தைக் கடித்து மென்றாள். முகம் சுளித்துத் துப்பினாள். இரண்டாவது இலையை மென்றவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதான்" என்றாள்.

எங்கள் காலத்தில் பிரஷ் ஏது? கிணற்றடிக்குப் போனால் ஒரு மாவிலையைப் பறித்து, மடித்து, பல் தேய்ப்பதுதான். அக்கா கல்யாணமாகிப் போகும் வரை தினமும் அந்த மரத்து இலையால் பல் தேய்த்தவள். நானும் தேய்த்தேன்தான். ஆனால் எனக்கு விவரம் தெரிவதற்குள் வீட்டில் பல்பொடி டப்பா வந்துவிட்டது. மாவிலையின் வாசனை ரகத்துக்கு ரகம் மாறும் என்று பெரியவரும் சொல்லியிருக்கிறார். அவர் செடி வாங்கும்போது இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் காசை எடுப்பார்.

அக்கா கையில் இருந்தது வெளிறிய கிளையின் இலை.

மறுநாள் காலை சிவப்புக் கிளையை முண்டோடு ஒட்ட அறுத்தேன். என் தலைக்கு மேலே வளர்ந்திருந்த கிளை. வீட்டுக்காரி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை. அன்றைக்குத்தான் விரிந்த தளிர்கள் தரையில் கிடந்தபோது எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதுவும் ஒரு மரம்தானே. எங்கள் செடி மொட்டையானபோது வேரைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. முற்றிய இலைகளைக் கட்டி வாசலில் தோரணமாக மாட்டினோம். வெட்டின காயத்தில் போர்டோ பசை பூசினேன். எருமேட்டை விலக்கி முண்டு வெளியே தெரியும்படி செய்தேன். அதற்குப் பிறகு முண்டுக்குக் கீழே சிவப்பாக ஏதாவது எட்டிப் பார்த்தால் அன்றைக்கே கிள்ளிவிடுகிறேன்.

அது நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. வெளிறிய கிளை இப்போது என்னைவிட உயரம். நண்பர் சொன்ன இரும்புச் சத்துக் குறைவுக்கும் வருகிறேன். அந்தக் குறை இருந்தால் புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும், நடுவில் மஞ்சளாகவும் இருக்கும், நாளானாலும் தெளியாது. எங்கள் செடியின் இலை மூன்று வாரத்தில் கரும்பச்சையாகி நிற்கிறது. அதற்கு டானிக் வேண்டாம். அதன் நிறமே அதுதான்.

ஒட்டுமா வைத்திருப்பவர்கள் என் தப்பைச் செய்யாதீர்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். செடி நல்லபடியாக இருக்கும்போதே, மேலே வரும் தளிர் என்ன நிறம் என்று தேதி போட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பழைய மரம் இன்னும் நிற்கிறது என்றால், அடுத்த முறை போகும்போது பழத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள்.

இந்தத் தையில் முதல் முறையாகப் பூத்தது. சின்ன மரத்தில் முதல் சில வருஷம் பூவைக் கிள்ளிவிடுவதுதான் முறை. நானும் கிள்ளத்தான் போனேன். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "எனக்கு எழுபத்தெட்டு ஆச்சுடா. ஒரு கொத்தாவது விட்டு வை" என்றாள். ஒரு கொத்து விட்டு வைத்திருக்கிறேன். அதில் சுண்டைக்காய் அளவில் மூன்று பிஞ்சு நிற்கிறது.

தளிரும் இலையும் சொல்லிவிட்டன. பழமும் அதையே சொல்ல வேண்டும். பழுத்தாலும் தோல் பச்சை மாறக் கூடாது, கடைசியில் அந்தச் சின்னப் புளிப்பு இருக்க வேண்டும். கேட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

உங்கள் வீட்டு மரம் என்ன நிறத்தில் தளிர்த்தது? ஞாபகம் இருப்பவர்கள் எழுதுங்கள்.